காரமும் கைகளும்

சோப்பு உறைகளில் அச்சிட்டிருக்கும் சொற்களைப் பாடநூலைப் படிக்கும் கவனத்தோடு படிப்பவள் நான். தமிழாசிரியரின் தொழில்நோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய நிறுவனத்தின் பளபளப்பான உறையானாலும், வீட்டில் செய்து நாலு பேருக்கு விற்கும் ஒரு பெண் ஒட்டிய சின்னத் தாளானாலும், மூன்று விஷயங்கள் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கின்றன. இது இயற்கையானது. இது தூய்மையானது. இது கையால் செய்தது. சில ஆண்டுகளாக நானும் வீட்டில் சோப்பு செய்கிறேன். எங்கள் வீட்டுக்கும் இரண்டு மூன்று தோழிகளுக்கும் போதுமான அளவு. ஆகவே இந்தச் சொற்களை வெளியில் நின்று கேலி செய்ய எனக்கு விருப்பமில்லை. எனக்குள்ள கேள்வி வேறு. ஒரு பெண் தான் செய்த பொருளைப் பற்றி உண்மையாக என்ன சொல்ல முடியும்? அந்த உண்மைக்கு யார் விலை கொடுக்க வேண்டும்?

முதலில் இயற்கை என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறேன்.

எண்ணெயும் காரமும் சேர்ந்தால்தான் சோப்பு. காரம் இல்லாமல் சோப்பு இல்லை. முன்பு சாம்பலிலிருந்தும் உவர்மண்ணிலிருந்தும் காரம் எடுத்தார்கள். இன்று நாம் வாங்குவது காஸ்டிக் சோடா. உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்தித் தொழிற்சாலையில் தயாரிக்கப்படுவது. பல பெண்கள் ‘சோப் பேஸ்’ என்று கடையில் கிடைக்கும் ஆயத்தக் கட்டியை உருக்கி, ஆவாரம்பூப் பொடியோ குப்பைமேனிப் பொடியோ கலந்து அச்சில் ஊற்றுகிறார்கள். அவர்கள் காஸ்டிக் சோடாவைத் தொடுவதில்லை என்பது உண்மை. வேறு யாரோ எங்கோ தொட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நான் எண்ணெயிலிருந்து தொடங்குகிறேன். 1 கிராம் தேங்காய் எண்ணெயைச் சோப்பாக்கச் சுமார் 0.183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். நல்லெண்ணெய்க்கு 0.134. விளக்கெண்ணெய்க்கு 0.128. நான் வழக்கமாக எடுப்பது தேங்காய் எண்ணெய் 700 கிராம், நல்லெண்ணெய் 200 கிராம், விளக்கெண்ணெய் 100 கிராம். கணக்குப்படி 168 கிராம் காஸ்டிக் சோடா வரும். அதில் நூற்றுக்கு ஐந்து குறைத்து 159 கிராம் எடுப்பேன். கொஞ்சம் எண்ணெய் சோப்பாகாமல் மிஞ்சினால்தான் தோல் வறளாமல் இருக்கும். ஆழாக்கும் கரண்டியும் இந்த வேலைக்கு ஆகாது. கிராம் காட்டும் தராசு வேண்டும். எவர்சில்வர் பாத்திரம் வேண்டும். அலுமினியத்தைக் காரம் அரித்துவிடும். காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கொட்ட வேண்டும். காஸ்டிக் சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டுச் செய்கிற வேலை இது. எண்ணெயோடு சேர்த்துக் கலக்கி, தோசைமாவுப் பதம் வந்து, கரண்டியிலிருந்து விழும் கோடு மேலே கலையாமல் நிற்கும்போது அச்சில் ஊற்றலாம். மறுநாள் வெட்டி, நான்கு முதல் ஆறு வாரம் காற்றில் வைத்து, அதன்பிறகுதான் உடம்பில் போடலாம்.

அளவு சரியாக இருந்தால், பதமான கட்டியில் காஸ்டிக் சோடா மிஞ்சுவதில்லை. அது எண்ணெயோடு சேர்ந்து சோப்பாகவும் கிளிசரினாகவும் மாறிவிடுகிறது. வீட்டுச் சோப்பின் உண்மையான சிறப்பு இதுதான். பெரிய ஆலைகள் பல இந்தக் கிளிசரினைப் பிரித்தெடுத்துத் தனியாக விற்கின்றன. நம் கட்டியில் அது அப்படியே இருக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் தோல் மெல்லிய அமிலத்தன்மை உடையது. எண்ணெயிலிருந்து செய்த எந்தச் சோப்பும், ஆலையில் செய்ததானாலும் வீட்டில் செய்ததானாலும், காரத்தன்மை உடையதுதான். மஞ்சளைக் காரத்தில் சேர்த்தால் என்ன ஆகும் என்பது ஆரத்தி கரைத்த எந்தப் பெண்ணுக்கும் தெரியும். சுண்ணாம்பு பட்டதும் மஞ்சள் சிவக்கிறது. சோப்பிலும் அப்படித்தான். பொன்னிறம் எதிர்பார்த்து மஞ்சள் போட்டவர்களுக்குச் செங்கல் நிறம் கிடைக்கிறது. அரைத்த பச்சிலையின் பச்சை சில வாரங்களில் பழுப்பாகிறது. இதையெல்லாம் அறிந்த பிறகு ‘கெமிக்கல் இல்லாதது’ என்று எப்படி எழுதுவது?

ஒரு சொல்தானே, எழுதிவிட்டுப் போகட்டும் என்று விடலாம். என்னால் முடியாததற்குக் காரணம் அந்தச் சொல்லின் பழைய வரலாறு. பெண்ணைப் பற்றிப் பேசும்போது இயற்கை என்ற சொல் நல்ல நோக்கத்தோடு வந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை. பொறுமை பெண்ணுக்கு இயற்கை. பிள்ளை வளர்ப்பது இயற்கை. சமையல் இயற்கையாகவே வரும். தொல்காப்பியம் அச்சத்தையும் நாணத்தையும் மடத்தையும் பெண்ணுக்கு என்றும் உரியவை என்றது. ‘மடம்’ என்பதற்கு உரைகாரர்கள் எத்தனை மென்மையாகப் பொருள் சொன்னாலும், தெரிந்ததையும் தெரியாததுபோல் இருப்பது என்ற நிழல் அதன்மேல் விழுந்தே கிடக்கிறது. இயற்கை என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் அதைக் கற்க வேண்டியதில்லை. கற்காததற்குக் கூலியும் இல்லை, மரியாதையும் இல்லை.

159 கிராம் என்ற எண் இயற்கையாக வந்ததில்லை. எந்த எண்ணெய்க்கு எவ்வளவு என்று படித்து, கணக்குப் போட்டு, எடைபோட்டு வந்தது. நம் பாட்டிமார் செய்த நலங்கு மாவும் அப்படித்தான். பச்சைப்பயறு எவ்வளவு, கஸ்தூரி மஞ்சள் எவ்வளவு, பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ எவ்வளவு, எதை வெயிலில் காயவைப்பது, எதை நிழலில் உலர்த்துவது என்பதெல்லாம் அறிவு. அதைக் ‘கைமணம்’ என்று பாராட்டுவோம். மருத்துவரின் சீட்டைப் பார்த்துக் கைமணம் என்று யாரும் சொல்வதில்லை. பெண்ணின் அறிவுக்குத்தான் மணம் என்றும் இயற்கை என்றும் பெயர் வைக்கிறோம்.

அடுத்தது தூய்மை.

உவர்மண்ணில் சோடியம் கார்பனேட் உண்டு. அதுவும் காரம்தான். அந்த மண்ணில் துணியை முக்கி, வெள்ளாவி வைத்து, ஆவியில் அவித்து, துறையில் அடித்து வெளுத்த மக்களை நம் ஊர்கள் எங்கே குடிவைத்தன என்று நமக்குத் தெரியும். புறநானூற்றில் ஔவையார் பெயரில் உள்ள 311ஆம் பாடலில் ஒரு பெண் வருகிறாள். களர்நிலத்தில் கிணறு தோண்டி நாள்தோறும் துணி வெளுப்பவள். அவள் வெளுத்த வெள்ளாடையை உடுத்திய தலைவன்தான் பாட்டின் நாயகன். அவளுக்குப் பெயர் இல்லை. சாதியைச் சுட்டும் ‘புலைத்தி’ என்ற சொல் மட்டும் இருக்கிறது. வகுப்பில் இந்தப் பாடலை நடத்தும்போது ‘தலைவனின் கொடைச்சிறப்பு’ என்று தேர்வு விடைக்கான வரியைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். நான் அந்தக் கிணற்றருகே கொஞ்சம் நிற்கச் சொல்வேன். உப்பு நீரில் நாள் முழுதும் நிற்கும் கால்கள் எப்படி இருக்கும், காரம் பட்ட விரல்கள் எப்படி இருக்கும் என்று கேட்பேன். முதல் பெஞ்சில் இருப்பவர்கள் குறிப்பெடுப்பார்கள். கடைசி பெஞ்சில் யாராவது ஒருத்தி தலையைக் குனிந்துகொள்வாள். அவளுக்குத் தெரிந்த கைகள் அவை.

வெண்மையை உண்டாக்கியவர்களை அழுக்கானவர்கள் என்று சொன்ன சமூகம் நம்முடையது. இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் வந்தது. ஆரோக்கியம் என்ற வண்ணாத்தியின் வாழ்க்கையைச் சொல்லும் நாவல். ஊர்த்துணியை வெளுத்தவள் ஊர்ச்சோற்றுக்கு நிற்கிறாள். தூய்மை என்ற சொல் தமிழில் அழுக்கு இல்லாமையை மட்டும் குறித்ததில்லை. யாரைத் தொடலாம், யாரைத் தொடக்கூடாது என்பதையும் குறித்திருக்கிறது. மாதத்தில் மூன்று நாள் பெண்ணை வாசலுக்கு வெளியே உட்காரவைத்ததும் அந்தச் சொல்தான். ‘சுத்தம்’, ‘மடி’, ‘ஆசாரம்’ எல்லாம் அதன் உறவுக்காரர்கள். வெள்ளைக்காரர்களும் இதற்கு விலக்கில்லை. 1899இல் வந்த பியர்ஸ் சோப்பு விளம்பரம் ஒன்று, உலகத்தின் கறுத்த மக்களுக்குத் தூய்மையைக் கற்றுத்தருவதை வெள்ளையரின் கடமையாகக் காட்டியது. சோப்பு நம் ஊருக்கு வந்தபோது வெறும் நுரையாக வரவில்லை. யார் மேல் யார் கீழ் என்ற பேச்சோடு வந்தது. இங்கே அந்தப் பேச்சுக்குப் பழைய வீடு ஏற்கெனவே கட்டித் தயாராக இருந்தது.

இதிலிருந்துதான் நிறத்துக்கு வருகிறோம். வீட்டில் செய்யும் அழகுப் பொருள்களில் பாதிக்குமேல் ‘நிறம் கூட்டும்’ என்றுதான் கைமாறுகின்றன. கடலைமாவும் தயிரும், பாலும் குங்குமப்பூவும், உருளைக்கிழங்குச் சாறும் என்று எத்தனை விதம். 1975இல் சந்தைக்கு வந்த முகக் களிம்பு ஒன்று ‘ஃபேர்’ என்ற சொல்லைப் பெயரிலேயே வைத்திருந்தது. 2020இல் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு ‘க்ளோ’ என்று மாற்றிக்கொண்டது. நாற்பத்தைந்து ஆண்டு. என் வயதுக்காரிகளின் பள்ளிப்பருவம், பெண்பார்க்கும் படலம், பிள்ளைப்பேறு அத்தனையும் அந்த நாற்பத்தைந்து ஆண்டுக்குள் அடங்கிவிடும்.

தமிழ் படித்தவளுக்கு இதில் ஒரு வியப்பு உண்டு. சங்க அகப்பாடல்களில் தலைவியின் அழகு மாமை. மாந்தளிரின் நிறம் என்று விளக்கம் சொல்வார்கள். தலைவன் பிரிந்தால் அந்த மாமை கெட்டுப் பசலை படர்கிறது. அதாவது உடல் வெளிறுகிறது. வெளிறுவது அங்கே நோய், இழப்பு. மாமை போய்விட்டதே என்று தலைவி வருந்துகிறாள். மாமையைப் போக்க மருந்து தேடியவள் எவளும் அந்தப் பாடல்களில் இல்லை. பழங்காலம் பொற்காலம் என்று நிறுவ நான் இதைச் சொல்லவில்லை. வெண்மைதான் அழகு என்பது காலங்காலமாக எல்லோருக்கும் இயல்பானது என்று சொல்பவர்களிடம், நம் மொழியிலேயே வேறொரு கண் இருந்திருக்கிறது என்று காட்டுவதற்காகச் சொல்கிறேன்.

என் ஆச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் நலங்கு மாவு என்றால் ஆச்சிதான். முப்பத்தைந்து வயதில் கணவனை இழந்தவள். பேத்திகள் சமைந்தபோதும், கல்யாணத்தின்போதும், வளைகாப்பின்போதும், சாமான்களை வாங்கி, புடைத்து, காயவைத்து, மில்லில் கூடவே நின்று அரைத்து, வெள்ளைத் துணியில் சலித்துத் தருவாள். மிளகாய் அரைத்த மில்லில் உடனே அரைக்கக்கூடாது என்று ஒருபடி அரிசியைக் கையோடு கொண்டுபோய் முதலில் ஓடவிடுவாள். அவ்வளவு கவனம். நலங்கு வைக்கும் நேரத்தில் அவள் அந்த அறையில் இருக்கமாட்டாள். சுமங்கலிகள் ஒவ்வொருவராக வந்து பெண்ணின் கையிலும் கன்னத்திலும் பூசுவார்கள். ஆச்சி அடுப்படியில் இருப்பாள். அவள் கை மாவில் படலாம். மாவோடு பெண்ணின் கன்னத்தில் படக்கூடாது. அவள் முகத்தில் மஞ்சள் இருந்து நான் பார்த்ததே இல்லை. ‘பாரம்பரிய நலங்கு மாவு’ என்று இன்று அழகான ஜாடிகளில் விற்கும்போது எனக்கு அந்த அடுப்படிதான் கண்முன் வருகிறது. பாரம்பரியத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறோம் என்றால் ஆச்சியை அறைக்கு வெளியே நிறுத்தியதையும் எடுத்துக்கொள்கிறோமா? இல்லை என்றால், எதை எடுத்தோம், எதை விட்டோம் என்று வெளிப்படையாகச் சொல்லத்தானே வேண்டும்.

மூன்றாவது சொல், கையால் செய்தது. மூன்றில் இதுதான் உண்மை. இதில்தான் பொய்யும் நுட்பமாக ஒளிந்திருக்கிறது.

சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி நீராடும் இடம் எல்லோரும் அறிந்தது. பத்து வகைத் துவர், ஐந்து வகை விரை, முப்பத்திரண்டு வகை மணப்பொருள்கள் ஊறிய நீரில் அவள் கூந்தல் நனைகிறது. கூட்டினால் நாற்பத்தேழு பொருள்கள். ஒவ்வொன்றாகச் சேகரித்து, உலர்த்தி, இடித்து, ஊறவைத்த கைகள் யாருடையவை என்று அங்கே ஒரு சொல் இல்லை. மாதவியின் கூந்தல் இருக்கிறது. அவளுக்கு நீர் கூட்டியவளின் விரல் இல்லை. இன்றைய உறையில் ‘கையால் செய்தது’ என்று கை வந்துவிட்டது. ஆனால் அந்தக் கைக்கு மணிக்கட்டுக்கு மேல் உடம்பு இல்லை. அது எத்தனை மணிக்கு எழுந்தது, என்ன கூலி வாங்கியது என்று யாரும் கேட்பதில்லை. அன்போடு செய்தது என்று மட்டும் சொல்கிறோம். அன்புக்கு மணிக்கணக்கு கிடையாது.

மணிக்கணக்கு நாட்டில் எடுக்கப்பட்டிருக்கிறது. 2019ஆம் ஆண்டு இந்திய அரசின் நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, கூலியில்லா வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். அந்த வேலையில் ஈடுபட்ட ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். ஈடுபட்ட ஆண்களே நூற்றுக்கு இருபத்தாறு பேர்தான். இந்த 299 நிமிடத்தின் மேல்தான் இப்போது புதிய கடமை வந்து உட்காருகிறது. கடைச் சோப்பில் நஞ்சு, கடை ஷாம்பூவில் நஞ்சு, ஆகவே நல்ல தாய் வீட்டிலேயே செய்வாள். சந்தை செய்த கேட்டுக்கு அரசிடம் கேட்க வேண்டிய கேள்வியை, ஆலையிடம் கேட்க வேண்டிய கேள்வியை, அம்மாவின் அடுப்படிக்கு அனுப்பிவிடுகிறோம். சோற்றுக்கற்றாழையை வழித்து அரைத்து வைத்தால் ஃபிரிட்ஜில்கூடச் சில நாள்தான் தாங்கும். மறுபடி அரைக்க வேண்டும். தண்ணீர் சேர்ந்த களிம்பு எதுவும், கெடாமல் காக்கும் பொருள் போடாவிட்டால், பூஞ்சை பிடிக்கும். அதையும் பார்த்துக்கொள்ள வேண்டியது அவளே. பிள்ளைக்குத் தோலில் தடிப்பு வந்தால் குற்றவாளியும் அவளே.

இருந்தும் நான் சோப்பு செய்கிறேன். எனக்கு அது பிடித்திருக்கிறது. எண்ணெயும் காரமும் பிரிந்து நின்று, பிறகு ஒரு கணத்தில் ஒன்றாகும்போது உண்டாகும் மகிழ்ச்சி கவிதையில் சொல் கூடும்போது வருவதற்கு அருகில் இருக்கிறது. ஆனால் என் மகிழ்ச்சிக்கு அடியில் மாதச் சம்பளம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. அன்றைக்குச் சமையலைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இருக்கிறது. இவை இல்லாத பெண்ணுக்கு அதே வேலை வேறு பொருள் தரும். இதை எனக்குப் புரியவைத்தவள் என் முன்னாள் மாணவி ஒருத்தி.

அவள் எம்.ஏ. தமிழ் முடித்தவள். ஒரு தனியார் பள்ளியில் சில ஆண்டு வேலை பார்த்தாள். பிள்ளை பிறந்தபின் போகமுடியவில்லை. வீட்டில் சோப்பு செய்து, தெரிந்தவர்களுக்குள் விற்கத் தொடங்கினாள். ஒருநாள் வந்து, “அம்மா, லேபிளுக்கு நாலு வரி எழுதிக் குடுங்க. உங்க தமிழ் நல்லா இருக்கும்” என்றாள். ஊர்க்கடைக்காரர் ஒருவர் அவள் சரக்கை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். ஒரே நிபந்தனை. ‘நிறம் கூட்டும்’ என்று போட வேண்டும்.

நான் எழுதிக் கொடுத்தது இது: எந்தெந்த எண்ணெய், எத்தனை கிராம். காஸ்டிக் சோடா சேர்த்துச் செய்தது. பதமான கட்டியில் அது மிஞ்சியிருக்காது. ஊற்றிய தேதி, பயன்படுத்தத் தொடங்கலாம் என்ற தேதி. அழுக்கைப் போக்கும். நிறத்தை மாற்றாது.

அவள் இரண்டு தடவை படித்தாள். “எல்லாம் உண்மைதாம்மா. ஆனா இந்த உண்மையச் சொல்ல எனக்கு மாசம் எவ்வளவு செலவாகும்னு பாருங்க” என்றாள்.

அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. உண்மை பேசு என்று சொல்வது எனக்கு எளிது. என் சம்பளம் ஒரு சோப்புக் கட்டியையும் நம்பி இல்லை. பசித்தவளிடம் போய் அறம் பேசுவது நம் இலக்கியத்திலேயே நிறைய நடந்திருக்கிறது. கற்பைக் காக்கும் பொறுப்பைப் பெண்ணிடம் கொடுத்ததுபோல, நேர்மையைக் காக்கும் பொறுப்பையும் சிறுவியாபாரம் செய்யும் பெண்ணிடமே கொடுத்துவிடுகிறோம். பெரிய நிறுவனங்கள் நாற்பத்தைந்து ஆண்டு நிறத்தை விற்றுச் சேர்த்தபின் பெயரை மாற்றிக்கொள்ளலாம். இவள் முதல் நாளே சத்தியசந்தையாக இருக்க வேண்டும். இது எந்த ஊர் நியாயம்?

அதற்காக, பிழைப்பு என்றால் எதையும் எழுதலாம் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அன்று இரவு முழுவதும் யோசித்தபின் எனக்கு ஒரு வழி தென்பட்டது. எல்லாப் பொய்யும் ஒரே எடை இல்லை. ஒரு பொய் யாருடைய உடம்பிலிருந்து தன் விலையை எடுக்கிறது என்று பார்க்க வேண்டும். ‘இயற்கை’ என்று எழுதினால் வாங்குகிறவளுக்குப் பெரிய நட்டமில்லை. தேங்காய் எண்ணெய் மரத்திலிருந்துதான் வந்தது. அது தளர்ந்த சொல். தீய சொல் என்று சொல்லமாட்டேன். ‘தோல்நோய் தீரும்’ என்று எழுதினால் மருத்துவரிடம் போக வேண்டிய ஒருத்தி போகாமல் இருந்துவிடுவாள். அது உடம்புக்குக் கேடு. ‘நிறம் கூட்டும்’ என்பது அதைவிட ஆழமாகப் போகிறது. கறுப்பி என்று வகுப்பில் கூப்பிடப்பட்ட பெண், கறுப்பு என்று கூடுதல் நகை கேட்கப்பட்ட பெண், அவள் காயத்திலிருந்து ஐம்பது ரூபாயை எடுக்கும் சொல் அது. சோப்பு செய்யும் பெண்ணும் அதே காயத்தோடு வளர்ந்தவள்தான். தன் காயத்தைப் போன்ற ஒன்றை இன்னொருத்தியிடம் தோண்டித்தான் தன் பிழைப்பு ஓட வேண்டும் என்றால், கடைக்காரர் கேட்பது வெறும் விளம்பர வரி இல்லை.

மறுநாள் அவளிடம் இதைச் சொன்னேன். கூடவே இன்னொரு கணக்கும் போட்டோம். ஒரு கிலோ எண்ணெயில் பதினான்கு கட்டி வருகிறது. எண்ணெய், காஸ்டிக் சோடா, வாசனை, உறை எல்லாம் சேர்த்துக் கட்டிக்கு 38 ரூபாய் ஆகிறது. அவள் 50 ரூபாய்க்கு விற்றாள். பதினான்கு கட்டிக்கு 168 ரூபாய் லாபம் என்று நோட்டில் எழுதியிருந்தாள். எடைபோடுவது முதல் உறைபோடுவது வரை ஆன நேரத்தைக் கூட்டினோம். ஆறு மணி நேரம். மணிக்கு 28 ரூபாய். அதில் கேஸ் இல்லை, கையுறை இல்லை, விற்காமல் நின்ற கட்டி இல்லை. “என் கூலிய நான் எழுதவே இல்லையேம்மா” என்றாள். லாபம் என்று அவள் எழுதியது அவளுடைய கூலி. அதுவும் அரைக்கூலி.

அப்போதுதான் என் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு எனக்குப் பதில் கிடைத்தது. அவள் உண்மையைச் சொன்னால் அதன் விலையில் ஒரு பங்கை வாங்குகிறவர்கள் தர வேண்டும். நாம்தான் இயற்கை வேண்டும், கையால் செய்தது வேண்டும், ஆனால் ஆலைச் சோப்பின் விலைக்கு வேண்டும் என்கிறோம். அந்த இரண்டு விலைக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில்தான் ஒரு பெண்ணின் ஆறு மணி நேரம் விழுகிறது. அதை நிரப்பத்தான் ‘நிறம் கூட்டும்’ என்ற பொய் தேவைப்படுகிறது. கூலியைச் சேர்த்து விலை வைத்தால் பொய்க்கு வேலை குறையும். நானும் என் துறையில் சிலரும் 75 ரூபாய் கொடுத்து வாங்குகிறோம். உதவி என்று நினைத்துக் கொடுப்பதில்லை. எடுத்த பொருளுக்கு உரிய விலை அது.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதமாட்டேன். அந்தக் கடைக்காரர் சரக்கை எடுக்கவில்லை. அவள் விற்பனை முன்பைவிடக் குறைவு. விற்பனைக்கு அழகுசாதனப் பொருள் தயாரிக்க மாநில உரிமம் வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் விதிகள் சொல்கின்றன. வாங்குகிறவர்களின் தோலைக் காக்க அப்படி ஒரு விதி வேண்டியதுதான். ஆனால் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் இருப்பவளுக்கு அதற்குத் தனி இடம் எங்கே? அவளும் இன்னும் மூன்று பெண்களும் சேர்ந்து ஓர் அறை வாடகைக்கு எடுத்து விண்ணப்பிக்கப் பார்க்கிறார்கள். லேபிளில் ‘நிறம்’ என்ற சொல் இல்லை. ‘இயற்கை’யை அவள் விடவில்லை. “அது ஒண்ணாவது இருக்கட்டும்மா” என்றாள். இருக்கட்டும் என்றேன்.

அவர்கள் நால்வரும் இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறார்கள். இடப்பக்கம் எண்ணெய், காரம், தண்ணீர், கிராம் கணக்கில். வலப்பக்கம் யார், எந்த நாள், எத்தனை மணி நேரம். காரத்தை அளந்து போட்டால் அது சோப்பில் கரைந்து காணாமல் போகும்; போகத்தான் வேண்டும், இல்லையென்றால் தோலைச் சுட்டுவிடும். கையை அப்படிக் காணாமல் போகவிட எந்த வேதியியலும் கேட்கவில்லை. அதை நாமாக விட்டுவந்தோம். வீட்டில் செய்த சோப்பு ஒன்றை அடுத்த முறை வாங்கும்போது, இதில் என்னென்ன சேர்த்தீர்கள் என்று கேட்டபிறகு, எத்தனை மணி நேரம் ஆயிற்று என்றும் கேளுங்கள். அதைச் செய்தவளுக்கும் அந்தக் கேள்வி புதிதாக இருக்கும்.